அடகுக்குப் போகும் முன்: வீட்டுப் பொருளின் உண்மை மதிப்பை அறிவது எப்படி?



தீபாவளி முடிந்த கையோடு சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் பட்டாசு ஆலைகளின் கதவுகள் சில வாரங்களுக்கு மூடப்படுகின்றன. வெளியே மழைக்காலம். மருந்து செலுத்திய வெடியையும் ஒட்டிய குழாயையும் காய வைக்க வெயில் வேண்டும். வெயில் இல்லையென்றால் வேலை இல்லை. போனஸ் பணம் பழைய கடனுக்கும் துணிமணிக்கும் போய்விடும். அடுத்த சம்பளம் வரும்வரை குடும்பத்தை ஓட்ட என்ன வழி? பீரோவைத் திறந்து ஒரு தோட்டையோ சங்கிலியையோ எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வீட்டுத் தாய் புறப்படுகிறார். 2018 அக்டோபர் 23 அன்று பேரியம் கலந்த பட்டாசுகளுக்கு உச்சநீதிமன்றம் தடை விதித்தது. அதன்பின் ஆலைகள் மாதக் கணக்கில் மூடிக் கிடந்தபோது இப்படிப் போன நகைகளில் எத்தனை திரும்பி வந்தன என்பது அந்தந்தக் குடும்பத்துக்குத்தான் தெரியும்.

அடகு வைப்பது பாவமா, மந்திரித்த சிலுவை பொறித்த தாலியை அடகுக் கடையில் வைக்கலாமா என்று பங்கு மக்கள் கேட்பதுண்டு. அந்தக் கேள்விக்குப் பின்னர் வருவேன். அதைவிட அவசரமான கேள்வி ஒன்றை அநேகமாக யாரும் கேட்பதில்லை. 'இந்தப் பொருளின் உண்மையான மதிப்பு என்ன?' கடைக்காரர் சொல்வதுதான் எடை, அவர் சொல்வதுதான் மாற்று, அவர் தருவதுதான் விலை என்று நம் மக்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். கத்தரிக்காய்க்கு அரை மணி நேரம் பேரம் பேசுகிற நம் தாய்மார்கள், இருபது வருட உழைப்பைத் தராசில் வைக்கும்போது வாய் திறப்பதில்லை. கடன் கேட்டு வந்திருக்கிறோமே என்ற கூச்சம்தான் காரணம்.

குருவும் மதிப்பீட்டாளரும்

குரு எதற்குத் தங்க விலை பேசுகிறார் என்று சிலர் நினைக்கலாம். லேவியர் நூலின் 27-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். நேர்ச்சையாக வரும் மனிதருக்கும் விலங்குக்கும் வீட்டுக்கும் நிலத்துக்கும் மதிப்புக் குறிக்கும் பொறுப்பை மோசேயின் சட்டம் குருவிடம் ஒப்படைக்கிறது. எந்த எடைக்கல்லால் கணக்கிட வேண்டும் என்பதையும் அதுவே சொல்கிறது: தூயகச் செக்கேல், அதாவது இருபது கேரா எடை (லேவி 27:25). ஆளுக்கு ஏற்ற கல், நாளுக்கு ஏற்ற கல் என்று வைத்துக்கொள்ள முடியாது. அதோடு ஓர் அழகான விதிவிலக்கும் உண்டு. நேர்ந்தவர் குறித்த தொகையைச் செலுத்த முடியாத ஏழை என்றால், அவரால் இயன்ற அளவுக்குக் குரு மதிப்பைக் குறைக்க வேண்டும் (27:8). ஏழைக்கு மதிப்பீடு அவருக்குச் சாதகமாகவே சாய வேண்டும் என்பது அன்றைய சட்டம். இன்று பெரும்பாலும் தலைகீழாகத்தான் நடக்கிறது.

ஆபிரகாம் தம் மனைவி சாராவை அடக்கம் செய்ய நிலம் வாங்கியபோது, இத்தியர் கேட்க நானூறு செக்கேல் வெள்ளியை வணிகர் வழக்கப்படி நிறுத்துக் கொடுத்தார் (தொநூ 23:16). இதில் இரண்டைக் கவனியுங்கள். எல்லாருக்கும் பொதுவான எடை. பலர் முன்னிலையில் நிறுத்தல். நகையை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய், 'பதினெட்டு கிராம் இருக்கும்மா' என்று அங்கிருந்தே குரல் கொடுக்கும் கடையில் இந்த இரண்டும் இல்லை.

பவுன், மாற்று, காரட்

நாம் பவுன் என்றும் சவரன் என்றும் சொல்கிறோம். பிரித்தானியரின் தங்க நாணயமான 'சாவரின்' என்ற பெயரே நம் வாயில் சவரன் ஆனது. அந்த நாணயத்தின் எடை 7.988 கிராம், தரம் 22 காரட். அதனால்தான் இன்றும் ஒரு பவுன் என்றால் 8 கிராம் என்று கணக்கு. முழுத் தூய்மையை 24 பங்காக வைத்தால் அதில் 22 பங்கு தங்கம், மீதி செம்பு, வெள்ளி போன்றவை. 22-ஐ 24-ஆல் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் 916 வரும். நகையில் நாம் பார்க்கும் 916 என்ற எண் இதுதான். 18 காரட் என்றால் 750. நம் முன்னோர் தரத்தை 'மாற்று' என்று சொன்னார்கள். பத்தரை மாற்றுத் தங்கம் என்ற சொல் இன்னும் வழக்கில் இருக்கிறது.

பாட்டி காலத்து நகை என்றாலே சுத்தத் தங்கம் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அதை அப்படியே ஏற்க வேண்டாம். 1963 ஜனவரியில் மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது வந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள், 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக்கூடாது என்றன. எத்தனையோ பொற்கொல்லர் குடும்பங்கள் தொழிலிழந்து திண்டாடிய காலம் அது. 1966-இல் அந்த 14 காரட் கட்டுப்பாடு தளர்ந்தது. 1968-இல் வந்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990-இல் நீக்கப்பட்டது. ஆகவே அறுபதுகளில் திருமணமான பாட்டியின் நகை 14 காரட்டாகவும் இருக்கலாம், விதியை மீறிச் செய்த 22 காரட்டாகவும் இருக்கலாம். உரசிப் பார்த்தால்தான் தெரியும்.

இன்னொன்று, நம் தெற்குச் சீமைக்கே உரிய பாம்படமும் தண்டட்டியும். கையில் எடுத்தால் கனமாக இருக்கும். ஆனால் இவற்றில் பல, மேலே தங்கத் தகடும் உள்ளே அரக்குமாகச் செய்யப்பட்டவை. மொத்த எடையை வைத்துப் பேரப்பிள்ளைகள் மனக்கோட்டை கட்டிவிட்டு, அரக்கை நீக்கி நிறுத்ததும் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போவார்கள். கடைக்காரர் மேல் எப்போதும் தவறு இருக்கும் என்றில்லை. கல் பதித்த அட்டிகை, மணி கோத்த மாலை, சேலைக் கொசுவத்தில் செருகும் சாவிக்கொத்து எல்லாவற்றிலும் தங்கமல்லாத எடை உண்டு. அது கழிந்த நிகர எடைக்குத்தான் விலை.

சோதிக்கும் வழிகள்

பழைய வழி உரைகல். கறுப்புக் கல்லில் நகையை உரசி, பக்கத்தில் தரம் தெரிந்த ஆணியால் உரசி, இரண்டு கோட்டின் நிறத்தையும் ஒப்பிடுவார்கள். அமிலம் ஒரு சொட்டு விட்டுக் கோடு எவ்வளவு மங்குகிறது என்றும் பார்ப்பார்கள். பழகிய கண்ணுக்கு ஒரு காரட் வித்தியாசம் பிடிபடும். ஆனால் அது அவருடைய கண், அவருடைய தீர்ப்பு.

இப்போதுள்ள எக்ஸ்-கதிர் கருவி நகையைச் சேதப்படுத்தாமல் ஒரு நிமிடத்துக்குள் எண்ணாகவே காட்டிவிடும். அதுவும் மேற்பரப்பைத்தான் படிக்கிறது. கனமாக முலாம் பூசிய பொருளில் ஏமாறக்கூடும். தீர்ப்பான சோதனை நெருப்புதான். சிறு துண்டை வெட்டி, ஈயத்தோடு சேர்த்து மூசையில் உருக்கி, கலப்பெல்லாம் போனபின் எஞ்சுவதை நிறுப்பார்கள். இறைவாக்கினர் மலாக்கி, ஆண்டவரைப் புடமிடுபவருக்கு ஒப்பிட்டபோது (மலா 3:3) அவர் கண்முன் இருந்தது இந்த உலைதான்.

இதையெல்லாம் நாம் செய்ய வேண்டியதில்லை. இந்தியத் தர நிர்ணய அமைவனம் என்னும் பி.ஐ.எஸ். அங்கீகரித்த சோதனை மையங்கள் மதுரை போன்ற நகரங்களில் இருக்கின்றன. ஹால்மார்க் இல்லாத பழைய நகையைப் பொதுமக்கள் யாரும் அங்கே கொண்டுபோய்ச் சோதித்து அறிக்கை பெறலாம். 2022 மார்ச்சில் இந்த வசதியை அறிவித்தபோது, நான்கு நகைகள் வரை சோதிக்க 200 ரூபாய் என்று கட்டணம் குறித்தார்கள். லட்ச ரூபாய் நகையை விற்கும் முன் இந்தச் செலவும் ஒரு நாள் பேருந்துப் பயணமும் வீண் அல்ல. புதிய நகை என்றால் இன்னும் எளிது. 2021 ஜூன் 16 முதல் பல மாவட்டங்களில் ஹால்மார்க் கட்டாயமாகத் தொடங்கி, 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு எழுத்தும் எண்ணும் கொண்ட தனி அடையாளக் குறியோடுதான் விற்க வேண்டும் என்று வந்துவிட்டது. இதை ஹெச்.யு.ஐ.டி. என்கிறார்கள். 'பி.ஐ.எஸ். கேர்' என்ற கைப்பேசிச் செயலியில் அந்த ஆறையும் தட்டினால், எந்த மையத்தில் சோதித்தது, என்ன பொருள், என்ன தரம் என்று வந்துவிடும். மோதிரத்துக்குரிய எண் சங்கிலியில் இருந்தால் அப்போதே உஷாராகலாம். எண் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. கடையில் உள்ள பூதக்கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், தரவேண்டியது அவர்கள் கடமை.

வாங்கிய விலை வேறு, விற்கும் விலை வேறு

'எண்பதாயிரத்துக்கு மேல் கொடுத்து வாங்கியதை இப்படிக் கேட்கிறானே' என்ற புலம்பலுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். விலை தினமும் மாறுவதால், கணக்குக்கு எளிதாக ஒரு கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பவுன் சங்கிலியில் தங்கத்தின் விலை 80,000. சேதாரம் 12 விழுக்காடு என்றால் 9,600. ஆக 89,600. அதற்கு 3 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்த்தால் 92,288 ரூபாய் கொடுத்து வாங்குகிறோம். மறுநாளே அதே விலையில் விற்றாலும் கைக்கு வருவது 80,000. உருக்கிக் கழிவு பார்க்கிற கடையில் அதற்கும் குறைவு. 12,288 ரூபாய் கடைக்கதவைத் தாண்டும்போதே போய்விட்டது. ஆகவே நகை வாங்குவதைச் சேமிப்பு என்று சொல்கிறவர்கள், வேலைப்பாடு மிகுந்த நகைக்கு 18, 20 விழுக்காடு சேதாரம் கொடுக்கும்போது கொஞ்சம் யோசிக்க வேண்டும். திருமணத்துக்குக் கல் வைத்த நெக்லஸ்தான் வேண்டும் என்று சம்பந்தி வீட்டார் பிடிவாதம் பிடிப்பது தனிக் கதை. அதைப் பற்றி ஞாயிறு மறையுரையில் நிறையப் பேசியாகிவிட்டது.

இனி அடகுக் கணக்கு. மொத்த எடை 24 கிராம் உள்ள ஓர் அட்டிகை. கல்லும் அரக்கும் 3 கிராம். நிகர எடை 21 கிராம். 22 காரட் என்றால் மதிப்பு 2,10,000. அதையே 20 காரட் என்று எழுதிவிட்டால் மதிப்பு ஏறக்குறைய 1,90,900. உரைகல்லின் ஒரு கோட்டில் 19,000 ரூபாய் வித்தியாசம்.

ரிசர்வ் வங்கி என்ன சொல்கிறது?

2025 ஜூன் 6 அன்று ரிசர்வ் வங்கி, தங்க வெள்ளி நகைக் கடனுக்கென்று விரிவான விதிகளை வெளியிட்டது. வங்கிகளும் கூட்டுறவு வங்கிகளும் நிதி நிறுவனங்களும் 2026 ஏப்ரல் 1-க்குள் இவற்றுக்கு மாற வேண்டும் என்று காலக்கெடு வைத்தது. நம் மக்களுக்குப் பயன்படும் சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

நகையைச் சோதிக்கும்போது கடன் வாங்குபவர் உடன் இருக்க வேண்டும். மொத்த எடை, கழித்த எடை, நிகர எடை, காரட், மதிப்பு, நகையின் படம் எல்லாம் அடங்கிய சான்று ஒன்றை அவர் கையில் தர வேண்டும். விலையைக் கணக்கிட, முந்தைய 30 நாள் சராசரி அல்லது முந்தைய நாள் விலை, இரண்டில் எது குறைவோ அதை எடுப்பார்கள். கல்லுக்கும் வேலைப்பாட்டுக்கும் மதிப்பு இல்லை. குடும்பச் செலவுக்கான கடன் இரண்டரை லட்சம் ரூபாய் வரை என்றால் நகை மதிப்பில் 85 விழுக்காடு வரையிலும், அதற்கு மேல் 5 லட்சம் வரை 80, அதற்கும் மேல் 75 விழுக்காடு வரையிலும் கடன் தரலாம்.

இங்கே ஒரு நுணுக்கம். ஆண்டு முடிவில் அசலும் வட்டியும் ஒரே தொகையாகக் கட்டும் கடனில், இந்த 85 விழுக்காடு என்பது கடைசியில் கட்டவேண்டிய மொத்தத் தொகைக்கு. மேலே சொன்ன அட்டிகைக்கு 85 விழுக்காடு 1,78,500 ரூபாய். வட்டி ஆண்டுக்கு 12 விழுக்காடு என்றால் கையில் கிடைக்கக்கூடியது 1,59,375 தான். குறைத்துவிட்டார்கள் என்று கோபப்பட வேண்டாம். கடன் நகையை விழுங்காமல் இருக்க வைத்த வேலி அது.

கடனை முழுதும் கட்டியபின் ஏழு வேலை நாள்களுக்குள் நகையைத் திருப்பித் தர வேண்டும். தங்கள் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும். ஏலம் போட்டால் முன்னறிவிப்பு வேண்டும். தொடக்க விலை அன்றைய மதிப்பில் 90 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது. இரண்டு ஏலம் தோற்ற பின்தான் 85-க்கு இறங்கலாம். விற்று மிஞ்சியது நகைக்குச் சொந்தக்காரருக்கே. ஏலத்துக்குப் போன நகையோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்துத் திரும்பிக்கூடப் பார்க்காதவர்கள் நம்மிடையே பலர். மிச்சப் பணம் உங்களுடையது, எழுத்தில் கேளுங்கள்.

தெருமுனை அடகுக் கடைக்கு இந்த விதிகள் பொருந்தா. அது 1943-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடகுக் கடைக்காரர் சட்டத்தின் கீழ் வருகிறது. உரிமம் வேண்டும், அடகுச் சீட்டு தர வேண்டும். சீட்டில் 'சங்கிலி ஒன்று' என்று மட்டும் எழுதியிருந்தால் வாங்காதீர்கள். எடையும் தரமும் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் வைக்காதீர்கள், வட்டி குறைவு என்றாலும். தராசில் எடையளவுத் துறையின் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். 2021-இல் தமிழ்நாடு அரசு கூட்டுறவு நிறுவனங்களில் 5 பவுனுக்கு உட்பட்ட நகைக் கடன்களைத் தகுதி பார்த்துத் தள்ளுபடி செய்தது. அது பலருக்கு மறுவாழ்வு. ஆனால் அதன்பின், அடுத்த தேர்தலில் தள்ளுபடி வரும் என்று நம்பி நகையை மீட்காமல் வட்டியை வளரவிடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். வராத தள்ளுபடிக்காக வந்த நகையை இழப்பது சரியான கணக்கு அல்ல.

வெண்கலம், வெள்ளிக் காசு, இரிடியம்

தங்கம் போனபின் பலருடைய கை பரண் மேல் போகிறது. பித்தளை அண்டா, வெண்கலப் பானை, செம்புக் குடம், குத்துவிளக்கு. பெயர் வெட்டிய பாத்திரங்கள். யார் திருமணத்துக்கு யார் வைத்த சீர் என்பது அந்தப் பெயரில் இருக்கும். பழைய பாத்திரக்காரர் எல்லாவற்றையும் ஒரே கிலோ விலையில் கேட்பார். செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது பித்தளை. செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது வெண்கலம். வெண்கலத்தின் விலை கூடுதல். விரலால் சுண்டினால் நின்று ஒலிப்பது வெண்கலம். பிரித்து நிறுக்கச் சொல்லுங்கள்.

விக்டோரியா ராணி தலை போட்ட வெள்ளி ரூபாய் சில வீடுகளில் இருக்கும். அதன் எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம், வெள்ளி 91.7 விழுக்காடு. ஆக ஏறத்தாழ 10.7 கிராம் வெள்ளி. 1940 முதல் வந்த ரூபாயில் பாதிதான் வெள்ளி. 1947-இல் நிக்கல் ஆகிவிட்டது. அரிய ஆண்டு, அரிய அச்சகக் குறி உள்ள காசுக்கு மட்டும் சேகரிப்போர் கூடுதல் விலை தருவார்கள். பளபளப்பாக்க வேண்டும் என்று புளி போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்த்த காசுக்குச் சேகரிப்போரிடம் மதிப்புக் குறைவு.

நம் ஊர் அச்சுத் தொழிலின் பிள்ளைகளான பழைய காலண்டர் படங்களுக்கும் இப்போது ஆராய்ச்சியாளர்களும் சேகரிப்போரும் இருக்கிறார்கள். கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் சி. கொண்டையராஜு (1898–1976), அவருடைய மாணவர்கள் ஆகியோரின் படங்களை அச்சிட்டு நாடெங்கும் அனுப்பியது சிவகாசிதான். அச்சுப் படத்துக்குப் பெரும் விலை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் சட்டத்தோடு குப்பைக்காரருக்குப் போடும் முன் ஒரு முறை பாருங்கள்.

பழைய ஐந்து ரூபாய் நோட்டுக்கு ஐந்து லட்சம் என்று கைப்பேசியில் வரும் செய்தி முழுப் பொய். முன்பணம் கட்டச் சொல்லி ஏமாற்றும் வேலை அது. ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில், தன் பெயரைச் சொல்லி இப்படிக் கட்டணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று எச்சரித்தது. அரிசியை இழுக்கும் செம்புக் கலசம், கோபுரக் கலசத்து இரிடியம், கோடிக்கணக்கில் வெளிநாட்டு விலை என்பதும் அதே குடும்பத்துப் பொய்தான். எந்தக் கலசமும் அரிசியை இழுக்காது. இதில் பணம் போட்டு நிலத்தை இழந்தவர்கள் தமிழகத்தில் பல மாவட்டங்களில் இருக்கிறார்கள். ஏமாந்தவர் வெட்கப்பட்டு வெளியே சொல்லாததால்தான் இந்த வியாபாரம் இன்னும் நடக்கிறது. உண்மையிலேயே பழமையான சிலையோ ஓவியமோ இருந்தால், 100 ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருள்களுக்கு 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் உண்டு. தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அஸ்திவாரம் தோண்டும்போது காசுப் பானை கிடைத்தால் 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

தெரியாதவரிடம் வாங்குவது

இதுவரை விற்பவர் பக்கம் பேசினோம். நம் பங்குகளில் வாங்குபவர்களும் இருக்கிறார்கள். நகைத் தொழில், வட்டித் தொழில் செய்யும் கிறிஸ்தவர்கள் உண்டு. அவசரத்துக்குப் பக்கத்து வீட்டாரின் வளையலைக் குறைந்த விலைக்கு வாங்கிக்கொள்பவர்களும் உண்டு. 'அவர்களாகவேதானே அந்த விலை சொன்னார்கள்?' என்பது வழக்கமான பதில்.

புனித தாமஸ் அக்குவினாஸ் தம் பெரிய இறையியல் நூலில், இரண்டாம் பகுதியின் இரண்டாம் பிரிவு 77-ஆம் கேள்வியில் இதே வழக்கை எடுத்துக்கொள்கிறார். ஒருவர் தம்மிடம் இருப்பது பித்தளை என்று நினைத்துத் தங்கத்தை விற்கிறார். வாங்குபவருக்கு அது தங்கம் என்று தெரியும். அப்படித் தெரிந்தே வாங்குவது அநீதி, வாங்கியவர் ஈடு செய்யக் கடமைப்பட்டவர் என்பது அவர் தீர்ப்பு. அவருக்கு எட்டு நூற்றாண்டுக்கு முன் புனித அகுஸ்தினார் தமக்குத் தெரிந்த ஒருவரைப் பற்றி எழுதுகிறார். விற்க வந்தவர் கையெழுத்து நூல் ஒன்றின் மதிப்புத் தெரியாமல் குறைவாகக் கேட்க, வாங்கியவர் அவர் எதிர்பாராத நியாய விலையைக் கொடுத்தாராம். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும், பிறரின் அறியாமையையும் இக்கட்டையும் பயன்படுத்தி விலையில் ஆதாயம் தேடுவதை ஏழாம் கட்டளைக்கு எதிரான செயல்களின் வரிசையில் வைக்கிறது (எண் 2409).

அடகு வாங்குபவருக்கு விவிலியம் வைக்கும் நிபந்தனைகள் இன்னும் கூர்மையானவை. போர்வையை அடகு வாங்கினால் பொழுது சாயுமுன் திருப்பிக் கொடு (விப 22:26-27). மாவரைக்கும் திரிகைக் கல்லை அடகு வாங்காதே. அது உயிரையே வாங்குவது (இச 24:6). அடகுப் பொருளை எடுக்க அவன் வீட்டுக்குள் நுழையாதே, வெளியே நில். எதைத் தருவது என்று அவனே உள்ளே போய் எடுத்து வரட்டும் (இச 24:10-11). வட்டிக்காரர் வீட்டு நடுக்கூடத்தில் வந்து உட்காரும் அவமானத்தை அறிந்தவர்களுக்கு இந்தக் கடைசி வசனத்தின் அருமை தெரியும்.

பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலியில் பிரான்சிஸ்கன் துறவிகள் ஏழைகளுக்கென்றே அடகு நிலையங்களைத் தொடங்கினார்கள். 1462-இல் பெரூஜா நகரில் ஒன்று. பிறகு ஊர் ஊராகப் பரவியது. 'மோந்தே தி பியெத்தா', அதாவது இரக்கத்தின் குவியல் என்று பெயர். நிர்வாகச் செலவுக்கு மட்டும் சிறு வட்டி. அதுவும் கூடாது என்று சில இறையியலார் வாதிட, 1515-இல் ஐந்தாம் இலாத்தரன் சங்கம் அந்த முறையை ஏற்றது. இதைப் பரப்பிய பெல்த்ரே நகரின் அருளாளர் பெர்னார்தின் போன்றோர் தங்கள் மறையுரைகளில் யூதருக்கு எதிராக மக்களைத் தூண்டியதும் வரலாறு. அந்தக் கறையை மறைக்க வேண்டியதில்லை.

மந்திரித்த தாலி

தாலியை அடகு வைத்தால் திருமண அருளடையாளத்துக்குக் குறை வருமா? வராது. அருளடையாளம் கணவன் மனைவியின் ஒப்புதலில் இருக்கிறது, தங்கத்தில் இல்லை. மஞ்சள் கயிற்றில் சிறு சிலுவையைக் கோத்துக் கட்டிக்கொள்ளும் தாய் எந்தப் பாவமும் செய்யவில்லை. போரில் சிறைப்பட்டவர்களை மீட்க மிலான் ஆயர் புனித அம்புரோசியார் ஆலயத்தின் பூசைப் பாத்திரங்களையே உருக்கினார். ஆனால் புனிதரின் திருப்பண்டம் வேறு. அதை விற்கவே கூடாது என்று திருச்சபைச் சட்டம் 1190 சொல்கிறது. யாராவது விலை பேசி வந்தால் பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள்.

ஆலய நகைக்கும் ஒழுங்கு உண்டு. பொறுப்பேற்கும்போது விலையுயர்ந்த பொருள்களை மதிப்போடு பட்டியலிட வேண்டும் (சட்டம் 1283). குறிப்பிட்ட மதிப்புக்கு மேற்பட்டதை விற்கும் முன் வல்லுநரின் எழுத்துப்பூர்வ மதிப்பீடு வேண்டும் (1293). பொதுவாக அதற்குக் குறைந்து விற்கக் கூடாது (1294). நேர்ச்சையாக வந்த பொருளுக்குத் திருத்தந்தையின் அனுமதியே தேவை (1292).

பாகப் பிரிவினை

அம்மாவின் நகையைப் பிரிப்பதில்தான் அண்ணன் தம்பிகளும் அக்கா தங்கைகளும் அதிகம் பிரிகிறார்கள். ஆண்டவரிடமே ஒருவன் வந்து, சொத்தைப் பிரித்துத் தரச் சொன்னபோது அவர் மறுத்துவிட்டார் (லூக் 12:13-14). அவரே செய்யாததைப் பங்குத்தந்தை செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். சட்டம் தெளிவாக இருக்கிறது. கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால் துணைவருக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி மூன்றில் இரண்டு பங்கு, மகன் மகள் வேறுபாடின்றிப் பிள்ளைகளுக்குச் சமமாக. 'அவளுக்குத்தான் கல்யாணத்துக்குப் போட்டாச்சே' என்ற பேச்சு மகளின் வாரிசுரிமையைப் பறித்துவிடாது. பிரிக்கும் முன் எல்லா நகையையும் சோதனை மையத்தில் ஒரே நாளில் காட்டி நிகர எடையையும் தரத்தையும் எழுதி வாங்குங்கள். பாதிச் சண்டை அங்கேயே அடங்கும். ஒரே மாதிரித் தெரியும் இரண்டு வளையல்களில் ஒன்று 22, மற்றது 18 என்று வருவதும் நடக்கும்.

வீட்டில் ஒரு நோட்டுப் போடுங்கள். நகையின் பெயர், மொத்த எடை, நிகர எடை, காரட், ஹெச்.யு.ஐ.டி. எண், வாங்கிய ரசீது, எங்கே அடகில் இருக்கிறது, மீட்க வேண்டிய நாள். கைப்பேசியில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். ஆலை வேலைக்குப் போகும் வீடுகளில் இது இன்னும் அவசியம். விபத்தில் குடும்பத் தலைவரோ தலைவியோ இறந்தபின், எந்தக் கடையில் எது இருக்கிறது என்று தெரியாமல் அடகுச் சீட்டைத் தேடிய குடும்பங்கள் நம் பகுதியில் உண்டு.

ரிசர்வ் வங்கி விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது. கடன் வாங்குபவர் எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், நிறுவனத்தைச் சேராத ஒரு சாட்சியின் முன்னிலையில்தான் நிபந்தனைகளை அவருக்கு விளக்க வேண்டும். பத்தாம் வகுப்பு முடித்த நம் இளையோர் யாரும் அந்தச் சாட்சியாகப் போகலாம். அன்பிய இளையோர் இந்த மழைக்காலத்தில் தங்கள் தெருவில் உள்ள முதிய தாய்மார்களிடம், 'பாட்டி, அடகுக்குப் போகும்போது என்னையும் கூப்பிடுங்கள்' என்று சொல்லி வைக்கட்டும். கைப்பேசியில் பி.ஐ.எஸ். செயலி இருக்கட்டும், அன்றைய கிராம் விலையைக் காலையிலேயே பார்த்துக் குறித்துக்கொள்ளட்டும்.